எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கப் பட்டி: கேள்வி பதில்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் நிற்கும் பட்டியைப் பற்றி மட்டும் கேளுங்கள். பிரிண்டருக்கு நான் ஆள் இல்லை.

கே: குயிக் ஆக்சஸில் (பட்டியில் ஃபோல்டர்களுக்கு விரைவு வழி காட்டும் பகுதி) நான் வைக்காத ஃபோல்டர்கள் வந்து நிற்கின்றன. ஆபீஸ் புரொஜெக்டரில் 'புது வேலை' ஃபோல்டர் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது!

ப: ஊசிக் குறி இருந்தால் நீங்கள் 'பின்' (pin) செய்தது, அதாவது பட்டியில் குத்தி நிறுத்தியது. இல்லாவிட்டால், அடிக்கடி திறப்பதைப் பார்த்து விண்டோஸே சேர்த்தது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸைத் திறந்து (11-இல் மேலே மூன்று புள்ளிக்குள், 10-இல் வியூ தாவலில்), ஜெனரல் பக்கத்தின் ப்ரைவசி பகுதியில் அடிக்கடி பயன்படுத்தும் ஃபோல்டர்களுக்கான டிக்கை எடுங்கள். மேனேஜரை நீங்களே சமாளியுங்கள்.

கே: 'அன்பின்' (unpin) செய்தால், அதாவது அந்தப் பின்னை எடுத்தால், ஃபைல்கள் போய்விடுமா?

ப: போகாது. பட்டியில் இருப்பது கைகாட்டி மரம். அதைப் பிடுங்கினால் ஊர் காணாமல் போகாது. ஆனால் அந்த வழியாக உள்ளே போய் எதையாவது டெலீட் செய்தால் அசல்தான் அழியும்.

கே: பென்டிரைவ் ஃபோல்டரைப் பின் செய்தேன், இப்போது திறக்கவில்லை.

ப: டிரைவ் எழுத்து மாறியிருக்கும். அன்பின் செய்து மறுபடி பின் செய்யுங்கள்.

கே: குயிக் ஆக்சஸ் எதற்கு? விண்டோஸ் 7-இல் வந்த லைப்ரரிதான் அருமை. அதை ஒழித்துவிட்டார்கள்.

ப: ஒழிக்கவில்லை, 8.1-இலிருந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். பட்டியின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ லைப்ரரீஸ்' கொடுங்கள், வரும். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. குயிக் ஆக்சஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி வழி. லைப்ரரியோ சி டிரைவில் கொஞ்சம், டி டிரைவில் கொஞ்சம் என்று கிடக்கும் படங்களை ஒரே இடத்தில் இருப்பதுபோல் காட்டும். ஒரு லைப்ரரிக்குள் 50 ஃபோல்டர்கள் வரை சேர்க்கலாம். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆபத்தும் அங்கேதான். லைப்ரரியை அழித்தால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குள் தெரியும் ஃபோல்டரை டெலீட் செய்தால் அசலே போய்விடும். வெளியேற்ற மட்டும் வேண்டுமென்றால் லைப்ரரியின் ப்ராபர்ட்டீஸில் 'ரிமூவ்'.

கே (அதே நண்பர்): அப்படி அழிப்பவர் தவறு. லைப்ரரி மீது பழி போடாதீர்கள்.

ப: பழி போடவில்லை ஐயா. மேலே ஒன்றும் ஆகாது, உள்ளே எல்லாம் போகும், இரண்டுக்கும் ஒரே டெலீட் என்றால் மனிதன் தடுமாறத்தான் செய்வான்.

கே (மீண்டும்): பத்து வருடமாக வைத்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

ப: ஹெல்மெட் போடாதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அடுத்தவர் கேட்கட்டும்.

கே: டெஸ்க்டாப்பைத் திறந்தால் பாதையில் ஒன்டிரைவ் என்று வருகிறது.

ப: ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) பேக்கப் இயங்குகிறது. உங்கள் டெஸ்க்டாப் இப்போது ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கிறது. பட்டி சரியாகத்தான் காட்டுகிறது.

கே: பின் எடுத்துவிட்டால் ஃபைல் போய்விடுமா?

ப: மேலே சொல்லியிருக்கிறேன்.

கே: பட்டியே காணோம்.

ப: 11-இல் வியூ, ஷோ, நேவிகேஷன் பேன்.

கே: சார், பட்டியிலிருந்து நீக்கினால்...

ப: போகாது, போகாது, போகாது.

கே: லைப்ரரிக்குள் ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தேன். அசலும் போய்விட்டது.

ப: (லைப்ரரி நண்பர் கவனிக்கவும்.) ரீசைக்கிள் பின்னை (அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டி) திறந்து அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், ரீஸ்டோர். ஃபோல்டர் எந்த டிரைவில் இருந்தது? பென்டிரைவ் என்றால் அங்கே தேடாதீர்கள், அதில் அழித்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது. அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல் கழற்றி வைத்துவிட்டு வந்து சொல்லுங்கள்.