உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டதா?

கேள்வி: என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். போன வருஷம் காலில் கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்தபோது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை இரண்டே நாளில் கேட்டது. அதற்கப்புறம் எந்தக் காயத்துக்கும் அதே மாத்திரைதான். வலி விட்டதும் நிறுத்திவிடுவார். இந்த முறை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, சீழை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பி, ஊசி போடுகிறார்கள். ‘உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு’ என்கிறார்கள். அப்படியா? நாலு மாத்திரை மீதி இருக்கிறது. மகனுக்குச் சளி, கொடுக்கலாமா?
- வாசகி, பாம்பன்

பதில்: பழகியது அவர் உடம்பு இல்லை தங்கச்சி, கிருமி. அவர் போட்டது ஆன்டிபயாட்டிக், பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும் மருந்து. இருபது வருஷமாக இந்தக் கரையில் வைத்தியம் பார்க்கிறேன். ‘உடம்புக்குப் பழகிப்போச்சு’ என்ற பேச்சு காதில் விழாத வாரம் இல்லை. அவர் காலில் இருக்கும் கிருமி உங்களுக்குத் தொற்றினால், அந்த மாத்திரையை நீங்கள் தொட்டதே இல்லை என்றாலும் உங்களுக்கும் அது கேட்காது. அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதாடுகிறேன்.

என் அப்பா மண்டபத்தில் வலை பின்னியவர். ஒரே வலையைத் திரும்பத் திரும்பப் போட்டால், கண்ணுக்குள் நுழைந்து தப்பும் மீன்தான் கடலில் மிஞ்சும், அதுதான் குஞ்சு பொரிக்கும் என்பார். கிருமியும் அப்படித்தான். கோடிக்கணக்கில் பெருகும்போது மரபணுவை நகலெடுப்பதில் பிழை வரும். அந்தப் பிழையால் ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் குணம் வாய்க்கலாம். மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடத்தைக் காலி செய்து தருகிறது. ஈ.கோலை என்ற குடல் கிருமி, சூழல் வசதியாக இருந்தால் 20 நிமிஷத்தில் இரண்டாகும். ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்.

தாங்கும் விதம் பல. சில கிருமிகள் மருந்தை உள்ளே வந்ததும் வெளியே தள்ளும். சில, மருந்து பிடிக்கும் இடத்தையே மாற்றிக்கொள்ளும். சில, பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும். பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்பே, 1940-லேயே அந்த நொதியைக் கண்டுவிட்டார்கள். எனக்கு அதிகப் பயம் தருவது பிளாஸ்மிட். வளையம் போன்ற சின்ன மரபணுத் துண்டு அது. இந்த வித்தையை அதில் வைத்து ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும், அது வேறு இனமாக இருந்தாலும். காலுக்கென்று விழுங்கும் மாத்திரை குடலுக்கும் போகிறது. அங்கே சும்மா இருக்கும் கிருமிகளிலும் தாங்குபவைதான் மிஞ்சும்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 நோபல் உரையில் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்குத் தானாகவே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. மருந்து கேட்காமல் மனைவி இறந்துபோகிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த மனைவிதான் நினைவுக்கு வந்தார்.

இப்போது போடும் ஊசி, கல்ச்சரில் எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று பார்த்துத் தேர்ந்தது. டாக்டர் சொன்ன நாள் வரை போடட்டும். வலி விட்டது என்று வீட்டுக்குக் கிளம்ப விடாதீர்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். இனி முள் குத்தினால், முள் துண்டு இருந்தால் எடுத்துவிட்டு, தாங்கும் சூட்டு வெந்நீரில் காலை அரை மணி நேரமாவது வைக்கச் சொல்லுங்கள். விஷக் கடுப்பு குறையும். வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போகட்டும்.

மகனுக்கு அந்த மாத்திரை வேண்டாம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ கூட்டிப் போங்கள். நாலு மாத்திரையையும் கடலில் வீச வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போய், இதுவரை சாப்பிட்டது இதுதான் என்று டாக்டரிடம் காட்டுங்கள்.