'கிராஸ்' என்றால் எப்போதும் புல் இல்லைங்க

நீங்கள் மொழிபெயர்க்கும் ஆங்கில நாவலில் ஒருத்தன் போலீஸிடம் தன் அண்ணன் மேல் 'கிராஸ்' செய்தான் என்று வருகிறது, அங்கே புல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். புல்லே கிடையாதுங்க. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் அது காட்டிக்கொடுப்பது, காட்டிக்கொடுக்கிறவனும் 'கிராஸ்'தான், அதனால் 'அண்ணனைக் காட்டிக்கொடுத்தான்' என்று எழுதினால் முடிந்தது. புல்லுக்குள் பாம்பு என்று வந்தால் கூடவே இருந்து குழிபறிக்கிறவன். வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல்தான் பச்சை என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், இக்கரைக்கு அக்கரைப் பச்சை.

அப்புறம், செட்டிநாட்டுக் கொட்டான் கூடைக்கு எழுதிய விற்பனைக் குறிப்பில் 'கிராஸ் பாஸ்கெட்' என்று போட்டிருக்கிறீர்களே, அதைக் கட்டாயம் மாற்றுங்கள். காரைக்குடியில் எங்கள் அப்பத்தா ஓலையை மெல்லிசாக வகிர்ந்து, சாயம் ஏற்றி, ஈரம் காய்வதற்குள் விறுவிறுவென்று முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான், அது பனை ஓலை. தொல்காப்பியக் கணக்கில் வெளிப்புறம் வைரம் பாய்ந்ததெல்லாம் புல், ஆகவே நமக்குப் பனையும் புல்தான். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், வாங்குகிறவர் கோரை மாதிரி ஏதோ என்று நினைத்துவிடுவார். 'பாம் லீஃப்' என்றே போடுங்கள்.