ஈக்குப் பேர் சொன்ன குதிரை: பாட்டு டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், பேரன் பிறந்தநாளில் ‘கொழு கொழு கன்னே’ பாடினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகனோ, “அர்த்தமே இல்லாத பாட்டும்மா அது” என்று சொல்லிவிட்டான். மனசு கேட்கவில்லை. நிஜமாகவே அர்த்தம் இல்லையா?
– ஒரு பாட்டி, பாயான் பாரு

பதில்: அக்கா, நீங்கள் பாடியதை நிறுத்திவிடாதீர்கள். பாட்டுத் தெரியாத இளம் அம்மாக்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பேரையே மறந்துவிடுகிறது. கன்றைக் கேட்கிறது. கன்றின் தாய், மேய்க்கும் இடையன், அவன் கைக்கோல், கோல் தந்த மரம், மரத்துக் கொக்கு, கொக்கு குளிக்கும் குளம், மீன், வலைஞன், அவன் கைச் சட்டி, குயவன், மண், புல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் குதிரை ‘ஈஈஈ’ என்று கனைக்கிறது!

குதிரை பதில் சொல்ல நினைக்கவே இல்லை, அது தன்பாட்டுக்குக் கனைத்தது. அதில் பேர் இருக்கிறது என்று பிடிப்பது கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை. அந்தச் சிரிப்பு, கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு.

பினாங்கு ஜெலுத்தோங்கில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது நான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. இந்தப் பாட்டை முதல் தடவை பாடியபோது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை, ‘குயவா’ வந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘புல்லே’ என்றதும் தோள் குலுங்கியது. குதிரை வருவதற்குள் விரல் இடுக்கு வழியாக ‘ஈ’ வெளியே வந்துவிட்டது. அவள் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். மறுபடி பாடு, மறுபடி பாடு என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஐந்து தடவை பாடினேன்.

மகனை அடுத்த முறை பிள்ளைகளுக்கு எதிரே உட்கார வையுங்கள். பாட்டை அல்ல, முகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘கன்னே’யா, ‘கன்றே’யா?
– ஒரு வாசகர், சுங்கைப் பட்டாணி

பதில்: எழுதினால் கன்றே. பாடும்போது ‘கன்னே’தான் நாக்கில் உருள்கிறது. நான் கன்னே.

கேள்வி: என் மகள் தாடிகாவிலிருந்து (மலாய் பாலர் பள்ளி) ‘பாங்காவ் ஓ பாங்காவ்’ கற்றுவந்து நாள் முழுக்கப் பாடுகிறாள். தமிழ்ப் பாட்டை மறந்துவிடுவாளோ?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: மாட்டாள் தங்கச்சி. அந்த மலாய்ப் பாட்டும் நம் பாட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி. அதிலும் கொக்கு, மீன், புல் மூன்றும் உண்டு. கொக்கே ஏன் மெலிந்தாய்? மீன் மேலே வரவில்லை. மீனே ஏன்? புல் நீண்டுவிட்டது. எருமை மேயவில்லை, அதற்கு வயிற்றுவலி, சோறு வேகவில்லை, விறகு ஈரம், மழை, மழையைக் கூப்பிட்டது தவளை, தவளையைத் தின்ன வந்தது பாம்பு. பாம்பைக் கேட்டால், தவளை என் சாப்பாடு என்கிறது!

நம் ஈ பேரைத் தேடுகிறது. அங்கே பழி கைமாறிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் சிரிக்கும் இடமும் வேறு. நான் பார்த்தவரை ‘வயிற்றுவலி’க்குத்தான் வகுப்பே உருளும். ஆறு வயதுக்காரர்கள் கடைசியில் சிரிப்பதில்லை, பாம்பு மேல் தப்பா இல்லையா என்று சண்டை போடுவார்கள். உலகமெங்கும் இப்படிச் சங்கிலிக் கதைகள் உண்டு. ஆர்னே – தாம்ப்சன் நாட்டார் கதை வகைப்பாட்டில் இவற்றுக்கான எண்கள் 2000இல் தொடங்குகின்றன. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் பாடுங்கள். கொக்கு வரும்போது அவள் உங்களை நிமிர்ந்து பார்ப்பாள்.

கேள்வி: பாடும்போது “குயவன்னா யாரு?” என்று நடுவில் நிறுத்துகிறார்கள். விளக்கம் சொல்லலாமா?
– பாலர் பள்ளி ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

பதில்: நடுவில் சொன்னால் குதிரை வருமுன்பே பாட்டு ஆறிப்போகும். முடித்துவிட்டு, கையில் கொடுத்துக் காட்டுங்கள். பொங்கல் சமயத்தில் லெபோ பாசார் தெருக் கடைகளில் மண்பானை கிடைக்கும், ஒன்று வாங்கித் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வலையைக் காட்ட, மீனவர் ஊரான தெலுக் பாஹாங் இருக்கிறது.

குதிரைக்கு, ஒருநாள் காலை பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பந்தயத் திடல் வேலியோரம் கூட்டிப்போனேன். ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “குதிரையே, என் பேரு என்ன?” என்று சத்தமாகக் கேட்டான். அது புல்லைத் தின்றுகொண்டே இருந்தது. வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் அவன் நகரவில்லை.