57 ஹெர்ட்ஸ் காணாமல் போகும் இடம்

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலை, பாலையூற்றில் இருக்கிறேன். வீட்டின் பின்னறையில் பக்திப் பாடல்களும், கோயில் நாதஸ்வர தவில் கச்சேரிகளும் மிக்ஸ் செய்து கொடுக்கிறேன். அறை பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. சீமெந்துச் சுவர். முட்டைத் தட்டு ஒட்டியிருக்கிறேன். மேசை நடுவில். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து வேலை செய்வேன். அறையில் நன்றாகக் கேட்கிற பாட்டு, சப்வூஃபர் பூட்டிய ஆட்டோவில் போட்டால் அடியில் குமுறுகிறது. தவிலோ உடம்பே இல்லாமல் சப்பென்று கிடக்கிறது.

கனடாவில் இருக்கும் அக்கா ஆறு இலட்சம் ரூபா தந்திருக்கிறா. எட்டு இஞ்சி ஸ்பீக்கர், பெரிய கண்டென்சர் மைக், மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கிற ப்ளகின்கள் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். கொழும்பில் ஒருவரிடம் பழைய யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் சோடியும் இருக்கிறது. எதை முதலில் வாங்கட்டும்?

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கொம்பியூட்டரில் 57 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 57 அதிர்வு) தொனி ஒன்றை எடுத்து, அளவான சத்தத்தில் ஓடவிடுங்கள். அறையின் நடுவில் நின்று கேளுங்கள். பிறகு மெல்ல நடந்து சுவரோடு போய் நில்லுங்கள். நடுவில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும் தொனி, சுவரடியில் நெஞ்சில் வந்து இடிக்கும். ஸ்பீக்கரில் நீங்கள் எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள்.

காரணம் அறையின் அளவு. நம்மூர் வெக்கையில், 30 பாகையில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். உங்கள் பத்தடி என்பது 3.05 மீற்றர். அந்த நீளத்துக்குள் சரியாக அரை அலை அடங்குகிற அதிர்வெண்தான் 57 ஹெர்ட்ஸ். அது இரண்டு சுவருக்கும் இடையில் மோதி மோதித் தேங்கும். சுவர்களில் அழுத்தம் உச்சத்திலும் நடுவில் பூச்சியத்திலும் நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக இருந்தால் இந்தத் தொல்லை மூன்று அதிர்வெண்களுக்குப் பங்காகப் போயிருக்கும். உங்களுடையது சதுரப் பெட்டி. மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸில் எல்லாம் தலைகீழ்: அங்கே நடுவில்தான் உச்சம்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். மேசை நடுவில். 57 கேட்கவில்லை, ஆகவே கூட்டுகிறீர்கள். 114 திணிக்கிறது, ஆகவே குறைக்கிறீர்கள். தவிலின் உடம்பு நிற்கிற பகுதி அங்கேதான் வெட்டுப்படுகிறது. அந்தப் பாட்டு ஆட்டோவுக்குப் போனதும் நீங்கள் கூட்டியது குமுறுகிறது, வெட்டியது வெறுமையாக இருக்கிறது. உங்கள் காதில் பிழை இல்லை. அது தனக்குக் கிடைத்ததை வைத்துச் சரியாகத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் இதோடு சேர்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933 இல் அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றை விட வேகமாக இழக்கிறது. இரவில் குறைத்து வைத்து மிக்ஸ் செய்கிறவர் பேஸைக் கூட்டாமல் இருப்பது கஷ்டம். பேஸ் சம்பந்தப்பட்ட முடிவுகளைப் பகலில், எதிரில் இருப்பவரோடு சற்றுக் குரலை உயர்த்திக் கதைக்க வேண்டிய அளவு சத்தத்தில் எடுங்கள்.

ஆகவே காசு முதலில் அறைக்கு. மேசையை நகர்த்தக் காசே வேண்டாம்: முன்சுவரிலிருந்து உங்கள் தலை மூன்றே முக்கால் அடியில் வரட்டும். முட்டைத் தட்டைக் கழற்றிவிடுங்கள். பேஸுக்கு அது ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் ஆபத்து. மெல்லிய ஸ்பொஞ்சும் அப்படித்தான். அது மேல் ஒலிகளை மட்டும் உறிஞ்சி, குமுறலை அப்படியே விட்டுவிடும். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீற்றருக்கு மேல் என்று நினைத்துப் பார்த்தால் ஓர் இஞ்சி ஸ்பொஞ்சால் அதை என்ன செய்ய முடியும் என்பது விளங்கும். கட்டட வேலைக்கு வெப்பத் தடுப்பாகப் பாவிக்கிற ரொக்வூல் பலகைகளை ஆறு இஞ்சித் தடிப்பில் மரச்சட்டத்தில் அடைத்து, துணியால் மூடி, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை வையுங்கள். இரு பக்கச் சுவரிலும், ஒரு கண்ணாடியைச் சுவரில் நகர்த்தும்போது உங்கள் இருக்கையிலிருந்து ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில், ஒவ்வொன்று. சுவரோடு ஒட்டாமல் நான்கு இஞ்சி இடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலிகளும் கூடுதலாக அடங்கும், மாரியில் பின்பக்கம் பூஞ்சணமும் பிடிக்காது. வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். இதற்குப் பிறகும் 57 முழுதாக நேராகாது. ஆனால் எது கூடுதல், எது குறைவு என்று நம்பி முடிவெடுக்கிற அறையாகிவிடும்.

எட்டு இஞ்சி ஸ்பீக்கர் வேண்டாம். இந்த அளவு அறையில் அது குமுறலுக்குத்தான் தீனி போடும். நல்ல ஐந்து இஞ்சிச் சோடி போதும்.

என்எஸ்-10 ஐயும் விட்டுவிடுங்கள். 1978 இல் வீட்டுப் பாவனைக்கென்று வந்த ஸ்பீக்கர் அது. வீடுகளில் எடுபடாமல், ஸ்டூடியோக்களில் பெயரெடுத்து, 2001 இல் நின்றுபோனது. மூடிய பெட்டி என்பதால் தாழ்ந்த ஒலியை இழுக்காமல் சட்டென்று நிறுத்தும். நடு ஒலிகளில் உள்ள குறைகளைத் தயவில்லாமல் காட்டும். பெருமை அதுதான். ஆனால் ஆழ்ந்த பேஸ் அதில் மிகக் குறைவு. உங்களுடைய நோய் அந்தப் பகுதியில்தானே இருக்கிறது? இரண்டாவது ஜோடியாக வைத்திருந்தவர்களின் கருவி அது, பெரிய ஸ்பீக்கர்கள் பக்கத்தில் இருந்தன.

மைக்குக்கு வருவோம். கண்டென்சரின் சவ்வு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு தடிப்புத்தான். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நம்முடைய ஈரமும் கடல் உப்பும் அதில் படிந்தால் பொரிகிற சத்தம் வரத் தொடங்கும். வாங்கினால் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். திருவிழாவுக்குக் கொண்டுபோக, ஈரத்தை நன்றாகத் தாங்குகிற டைனமிக் மைக்தான் என் தெரிவு. 1965 இல் வந்த ஷுவர் எஸ்எம்57 இன்றும் விற்பனையில் இருப்பது சும்மா இல்லை. தவிலுக்கு இரண்டு வையுங்கள், தோலுக்கு ஒன்றாக: தொப்பிப் பக்கம் ஒன்று, வலந்தலைப் பக்கம் ஒன்று. ஒரு தோல் உள்ளே அமுங்கும்போது மற்றது வெளியே தள்ளும். இரண்டு மைக்கிலும் பதிகிற அலைகள் எதிரெதிராக நகர்வதால் சேர்க்கும்போது ஒன்றையொன்று தின்னும். ஒரு ட்ராக்கின் பொலாரிட்டியை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், எது நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்திருங்கள். ஆட்டோவில் சப்பென்று போனதற்கு இதுவும் பாதிக் காரணமாக இருக்கலாம்.

நாதஸ்வரத்தின் அணசுக்குள், அதாவது அதன் அடியில் விரிந்த வாய்க்குள், மைக்கைத் திணிப்பதைத் தயவுசெய்து விடுங்கள். நாதம் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. மூன்று நான்கடி தள்ளி, குழலின் நடுவைப் பார்த்து வையுங்கள். கோணேசர் கோயிலில் கடற்காற்றுக்குள் நின்று வாசிக்கும்போது காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கிற நாதம், பதிவில் தகரமாகக் கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும். அந்தக் கலைஞர்களை நேரில் கேட்டிராதவர்கள், வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகள், அந்தத் தகரத்தைத்தானே நாதஸ்வரம் என்று நம்புவார்கள்?

மின்சாரத்தையும் ஒருமுறை பார்ப்பித்துக்கொள்ளுங்கள். 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் ரீங்காரம் கேட்டால் எர்த் இணைப்பைச் சந்தேகியுங்கள். எர்த் பின்னைக் கழற்றி அதை நிறுத்துகிறவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், உயிராபத்து.

ப்ளகின்களுக்கு இப்போதைக்கு ஒரு ரூபாவும் வேண்டாம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குச் சிறு பாவனையாளர் உரிமம் 60 டொலர், அதனுடன் வருகிற ஈக்யூவும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரும் (சத்த ஏற்ற இறக்கத்தை அடக்குவது) உங்களுக்குத் தாராளம். அறை வேலை முடிந்ததும் அதே தவில் பதிவைத் திரும்ப மிக்ஸ் செய்யுங்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து அனுப்பினால் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.