சோற்றில் உப்பைக் குறைத்தால் வலிப்பு அடங்குமா?

கேள்வி: என் பேரனுக்கு வலிப்புக்காகத் தரும் மாத்திரை, நரம்புக்குள் குளோரைடு போகும் வழியைக் கூடுதலாகத் திறந்துவைக்கும் என்று மருத்துவர் சொன்னார். குளோரைடு நாங்கள் வாரும் உப்பில் இருப்பதுதானே? அப்படியென்றால் அவன் சோற்றில் உப்பைக் கூட்டவா, குறைக்கவா?
– உப்பளத் தொழிலாளி ஒருவர், வாலிநோக்கம்

பதில்: இரண்டும் வேண்டாம். நாம் எவ்வளவு உப்புத் தின்றாலும், இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 96 முதல் 106 மில்லிமோல் வரையே குளோரைடு நிற்கும்படி சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது.

நரம்பணுவின் சவ்வில் ஐந்து புரதங்கள் வட்டமாகக் கூடி நடுவே ஒரு துளையை அமைத்து நிற்கின்றன. இதுவே காபா ஏற்பி. காபா என்னும் வேதிப்பொருளின் இரு மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் அத்துளை திறக்கிறது. ஆனால், பாத்தியின் மடையைத் திறப்பவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை, மட்டந்தான் தள்ளுகிறது என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வளர்ந்த நரம்பணுவுக்கு வெளியே குளோரைடு சுமார் 120 மில்லிமோல், உள்ளே 5 முதல் 10 வரைதான்; கேசிசி2 என்ற புரதம் பொட்டாசியத்தோடு சேர்த்து அதை ஓயாமல் வெளியே இறைப்பதால்தான் இந்த வேறுபாடு நிலைக்கிறது. எனவே மடை திறந்ததும் எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு உள்ளே பாய்ந்து, அணுவின் மின்னழுத்தத்தை மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவிலேயே பிடித்து நிறுத்துகிறது. நரம்பு எளிதில் துடிப்பதில்லை. வலிப்பு மருந்துகளில் டயசிபாம் இம்மடையை அடிக்கடி திறக்கச் செய்யும். பீனோபார்பிட்டால் திறந்த மடையை நெடுநேரம் மூடவிடாது.

பச்சிளங்குழந்தையின் கதை வேறு. அங்கே கேசிசி2 இன்னும் போதுமான அளவு உருவாகாமல், குளோரைடை உள்ளே கொண்டுவரும் என்கேசிசி1 என்ற புரதம் ஓங்கியிருப்பதால், அதே மடை திறந்தால் குளோரைடு வெளியேறி நரம்பைத் தூண்டிவிடலாம். பிறந்த குழந்தைகளின் வலிப்பு பீனோபார்பிட்டாலுக்குச் சில வேளைகளில் அடங்காததற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள்.

தங்கள் கேள்வியில் ஒரு பழைய நியாயமும் இருக்கிறது. 1857இல் இலண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர் வலிப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொன்ன பொட்டாசியம் புரோமைடுக்கு மட்டும் உணவு உப்போடு நேரடித் தொடர்பு உண்டு: உப்பைக் குறைத்தால் சிறுநீரகம் புரோமைடைத் தேக்கிவைக்கும், மருந்து நஞ்சாகும் அளவுக்குக்கூட ஏறிவிடும். குளோரைடின் உறவினரான புரோமைடும் இதே துளை வழியேதான் நுழைகிறது. அதன் மூலமான புரோமினை 1826இல் பலார்டு என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தது, உப்பு வாரியபின் தாங்கள் வேண்டாமென்று திறந்துவிடும் அந்தக் கசப்பு நீரில்தான்.