பித்தளைக் கடிகாரம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தாத்தா காலமானார். அவருடைய மேசைக் கடிகாரம் எனக்கு வந்திருக்கிறது. பித்தளைக் கூடு, முன்னும் பின்னும் கண்ணாடி, உள்ளே சின்ன பெண்டுலம். எண்கள் உள்ள வட்டம் மங்கிய வெள்ளி நிறம். கூடு முழுக்கக் கருத்துக் கிடக்கிறது, மூலைகளில் பச்சைப் புள்ளிகள். காரில் எடுத்துவந்த நாளிலிருந்து ஓடவில்லை. "அளவுக்கு மீறிச் சாவி கொடுத்திருப்பாய், ஸ்பிரிங் இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு, நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கு" என்கிறார் மாமா. தேய்த்தால் மதிப்பு போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். விற்கும் எண்ணம் இல்லை. ஆனாலும் என் கையால் அது கெட்டுவிடக் கூடாது. பின்தகட்டில் நீளமான ஓர் எண்ணும், கீழே தனியாக 5, 4 என்று இரண்டு எண்களும் இருக்கின்றன. அவை என்ன?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இன்னும் தேய்க்கவில்லையே? நல்லது. பாலிஷ் வாங்கியிருந்தால் அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். நான் பார்த்தவரை பழைய கடிகாரங்கள் கெடுவது கைக்கு வந்த முதல் வாரத்தில்தான், அதுவும் பாசத்தால்.

நானே ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். பெரியப்பா வைத்திருந்த கடிகாரம். உங்களுடையதைப் போலவே எண் வட்டம் மங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்லிய துணியில் துளி பாலிஷ் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். துணி கருப்பாக வர வர எனக்குச் சந்தோஷம், அழுக்கு போகிறதாம். எட்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல் தெரிந்தது. பளபளப்பு வருகிறது என்று அங்கே இன்னும் இரண்டு தேய் தேய்த்தேன். அது அடியிலிருந்த பித்தளை. துணியில் வந்த கருப்பில் பாதி அழுக்கு, பாதி வெள்ளி.

அந்த வட்டம் வெள்ளித் தகடு இல்லை. பித்தளையின் மேல் வெள்ளி உப்பைக் கையால் தேய்த்து ஏற்றிய படலம், அவ்வளவுதான். கனம் என்று சொல்ல அதில் ஒன்றுமே கிடையாது. பிறகு ஒருவர் மறுபடி வெள்ளி ஏற்றித் தந்தார். நன்றாகவே செய்தார். ஆனால் இப்போது அந்த வட்டம் மட்டும் நேற்று வாங்கியதுபோல வெளிறித் தெரிகிறது, சுற்றியுள்ளதெல்லாம் கிழடு. ஆகவே வட்டத்தைத் தொடவே வேண்டாம். முட்கள் நீல நிறமாக இருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள். அது சாயமல்ல. எஃகைச் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் வரும் நிறம். தேய்த்தால் போய்விடும்.

சரி, கூட்டுக்கு வருகிறேன். பித்தளை எப்போதும் கருத்தே கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் வீடுகளில் துடைத்துப் பளபளவென்றுதான் வைத்திருந்தார்கள். மேலே என்ன பூசியிருக்கிறது என்று தெரியாமல் தேய்ப்பதில்தான் ஆபத்து. சில கூடுகளில் தங்க முலாம் இருக்கும், கருப்புக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது. பலவற்றில், பித்தளை மங்காமல் இருக்க, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசியிருப்பார்கள். அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் பூச்சு கரைந்து கையோடு வந்துவிடும். அமோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம். இழுவிசையில் இருக்கும் பித்தளை, அமோனியா பட்டால் விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்து அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளக்கம் வந்தது. உங்கள் கடிகாரம் தோட்டா இல்லை, ஒரே நாளில் ஒன்றும் ஆகாது. ஆனாலும் அந்த டப்பா வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது, உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டுவது. விரல் ரேகையில் உப்பு உண்டு, வாரக்கணக்கில் பித்தளையில் பதிந்து கருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பச்சைப் புள்ளிகள் களிம்பு. அவற்றைச் சுரண்டாமல் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பரவியிருந்தால், பழம்பொருள்களைப் பராமரிக்கத் தெரிந்தவரிடம் காட்டத்தான் வேண்டும். கருமை காத்திருக்கும், களிம்பு காத்திருக்காது.

மாமா சொன்னதற்கு வருவோம். அளவுக்கு மீறிச் சாவி கொடுத்ததால் கடிகாரம் நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்பிரிங் முழுக்கச் சுற்றிக்கொண்டால் சாவி நின்றுவிடும், அவ்வளவுதான். அதற்குமேல் முறுக்கினால்தான் உடையும். முழுதாகச் சாவி கொடுத்தும் ஓடவில்லையென்றால் பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அதன்மேல் புது எண்ணெயை விட்டால் தூசியோடு குழைந்து அரைக்கும் பசையாகி, அச்சு முனைகளைத் தேய்த்துவிடும். பல்சக்கரங்களின் பற்களில் எண்ணெய் விடவே கூடாது. துருநீக்கும் ஸ்ப்ரே இருக்கிறதே, அதைக் கடிகாரம் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிகாரம் காரில் வந்த பிறகுதானே நின்றது? பெண்டுலத்தைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்தீர்களா? அதைத் தாங்கும் ஸ்பிரிங் தாளைப்போல மெல்லிய பட்டை. ஆடி அசைந்து வந்திருந்தால் மடங்கியிருக்கலாம். பின்கண்ணாடி வழியாகப் பாருங்கள். மடிப்பு தெரிந்தால் ஓட விடாதீர்கள். நேராக இருந்தால், பெண்டுலத்தை மெல்ல ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். டிக்-டாக்... டிக்-டாக்... என்று நொண்டினால் கடிகாரம் சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கத்து அடியில் தபால் அட்டைக் கனத்தில் ஏதாவது செருகிப் பாருங்கள். சத்தம் மோசமானால் அடுத்த பக்கம். இடம் மாறியதும் நின்ற கடிகாரங்கள் பல இதிலேயே ஓடிவிடும்.

ஓடினால், நேரம் திருத்தப் பெரிய முள்ளை மட்டும் முன்னோக்கி நகர்த்துங்கள். மணி அடிக்கும் கடிகாரமாக இருந்தால் ஒவ்வொரு மணியிலும் நிறுத்தி, அது அடித்து முடித்த பிறகு நகர்த்துங்கள்.

அந்த 5, 4 பற்றி. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இயந்திரம் அநேகமாகப் பிரான்சில் செய்தது. அந்த இரண்டு எண்களும் பெண்டுலத்தின் நீளம், பழைய பிரெஞ்சு அளவில். 5 பூஸ், 4 லீன். ஒரு பூஸ் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர், அதில் 12 லீன். கணக்குப் போட்டால் சுமார் 14.4 சென்டிமீட்டர். நாடு மீட்டருக்கு மாறிய பிறகும் கடிகாரக்காரர்கள் பழைய அளவை விடவில்லை. கைக்கடிகாரத் தொழிலில் லீன் இன்றும் புழங்குகிறது. நீளமான எண் இயந்திரத்தின் வரிசை எண்ணாக இருக்கும். பெண்டுலத்தின் குண்டைத் திருப்பிப் பாருங்கள், அதே எண் அதிலும் குத்தியிருந்தால் இரண்டும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருக்கின்றன. மதிப்பு என்று கேட்டீர்களே, அது இதில்தான் இருக்கிறது, மினுமினுப்பில் இல்லை.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். மாற்றிய பாகம் எதுவானாலும், உடைந்ததாக இருந்தாலும், திரும்ப வேண்டும். அப்புறம், தகடுகளின் உட்புறத்தில் ஊசியால் கீறிய எழுத்துகளோ தேதிகளோ இருந்தால் அவற்றைத் தேய்க்கக் கூடாது. முன்பு பழுதுபார்த்தவர்கள் அங்கேதான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் தாத்தா கொண்டுபோய்க் கொடுத்த தேதிகூட அதில் இருக்கலாம்.

முதலில் அட்டையைச் செருகிப் பாருங்கள். குண்டின் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று எழுதுங்கள்.