பூனைக்கு ஆள் வைக்கிறீர்களா? தீனி போடுவது மட்டும் வேலை இல்லை

கேள்வி: பத்து நாள் வெளியூர் போகிறோம். வீட்டில் இரண்டு பூனைகள். கடுவனுக்கு ஏழு வயது. போன வருடம் மூத்திரம் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது. பெட்டை ரொம்பப் பயந்த சுபாவம். வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் இருவரை விசாரித்தோம். ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவாராம், மற்ற நாளுக்கு ஆட்டோமேட்டிக் ஃபீடர் போதும் என்கிறார். இன்னொருவர் தினமும் வருவார், கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு. பூனை விடுதியில் விட்டால் என்ன என்கிறார் வீட்டுக்காரர். எதைத் தேர்ந்தெடுப்பது? முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பது நியாயமா?

பதில்: தினமும் வருபவரையே வையுங்கள். கடுவனுக்கு ஏற்கெனவே அடைப்பு வந்திருக்கிறது; அது திரும்ப வரக்கூடியது. முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. 48 மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவர் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடலாம். என் பூனையாக இருந்தால் காலை, மாலை இரு வேளையும் வரச் சொல்லி, அதற்கான காசை வேறு செலவில் பிடித்துக்கொள்வேன்.

ஃபீடர் நேரத்துக்குத் தீனியைக் கொட்டும், அவ்வளவுதான். யார் தின்றது என்று அதற்குத் தெரியாது. கடுவன் இரண்டு பங்கையும் காலி செய்துவிட்டுப் படுத்திருக்க, பெட்டை அலமாரிக்குப் பின்னால் பட்டினி கிடக்கும். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து நோயாகலாம், குண்டான பூனைக்கு இன்னும் சுலபமாக.

அதனால் ஆளை அமர்த்தும் முன், "லிட்டர் பாக்ஸில் (பூனை ஒதுங்கும் மணல் பெட்டியில்) என்ன பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். "சுத்தம் செய்வேன்" என்றால் அது பாதி பதில். மூத்திரம் பட்டு இறுகிய மணல் கட்டிகள் எத்தனை, நேற்றைவிடச் சிறுத்திருக்கிறதா, கடுவன் பெட்டியில் உட்கார்ந்து முக்குகிறதா என்று சொல்பவருக்குத் தொழில் தெரியும். நீங்கள் தருகிற காசு அந்தக் கண்ணுக்குத்தான்.

விடுதி, பயந்த பெட்டைக்கு வேண்டாம். பூனைக்கு ஆள் மாறினாலும் பரவாயில்லை, இடம் மாறக் கூடாது. எங்கே விட்டாலும் தடுப்பூசி நடப்பில் இருக்கட்டும். பூனைகளைக் கொல்லும் பான்லூகோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூடத் தாங்கும். செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும். பல வீடுகளுக்குப் போகிறவரிடம் உள்ளே வந்ததும் கை கழுவச் சொல்வதில் கூச்சம் எதற்கு?

பணம்: தேதிகளை உங்களுக்காக ஒதுக்குவதால் ஒரு பங்கு முன்பணம் கேட்பது நியாயம். முழுத் தொகையையும் முன்னரே தருவதை நான் விரும்ப மாட்டேன். எத்தனை முறை வருவார், எவ்வளவு நேரம் இருப்பார், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் உங்கள் சாவியோடு யார் வருவார் என்பதையும் சேர்த்து. பலர் கேட்க மறப்பது இதைத்தான்.

உங்கள் பக்கத்து வேலையும் இருக்கிறது. உங்கள் கால்நடை மருத்துவரிடம் ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள்: "நாங்கள் தொடர்பில் கிடைக்காவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்கலாம், இவ்வளவு தொகைவரை சம்மதம்." தூக்கிப்போகும் கூண்டைப் பரணிலிருந்து இறக்கி, கண்ணில் படும்படி வையுங்கள். லில்லிப் பூங்கொத்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். பாராசிட்டமால் மாத்திரையும் அதற்கு விஷம். மேசையில் கிடக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவரை வீட்டுக்கு அழைத்துப் பாருங்கள். வந்ததும் பெட்டையைத் தூக்கிக் கொஞ்சப் பாய்பவரைவிட, தரையில் உட்கார்ந்து சும்மா இருப்பவர் மேல். ஊருக்குப் போனபின் தினமும் இரண்டு பூனைகளின் படமும் வர வேண்டும். "கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள்" என்று மட்டும் பதில் வந்தால் விடாதீர்கள். போனைக் கட்டிலுக்கு அடியில் நீட்டி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.